கடலுக்கடியில் வைரம் அரிப்பது: ஆரஞ்சு ஆற்று முகத்துவாரமும் நம்ம வடசென்னைக் கரையும்

பட்டறைமண் (தண்டையார்பேட்டை)
ஜூன் 14, இரவு 8.10

என் அப்பா முப்பத்தைந்து வருஷம் சவுகார்பேட்டையில் தங்கத்தூளுக்காகப் பட்டறை மண் அரித்தவர். விடியற்காலையில் நகைப்பட்டறை வாசல்களைக் கூட்டி, சாக்கடை ஓரத்துச் சேற்றையும் அள்ளிக்கொண்டு வருவார். குழாயடியில் குந்தி, மரத்தட்டில் தண்ணீர் விட்டு ஆட்டுவார். தட்டைச் சாய்த்து ஒரு சுழற்று சுழற்றினால் லேசான மண் விளிம்பைத் தாண்டிப் போய்விடும். மறுபடி தண்ணீர், மறுபடி சுழற்று. ஒரு கூடை மண் ஒரு கைப்பிடியாகும், கைப்பிடி ஒரு சிட்டிகையாகும். கடைசியில் தட்டின் மூலையில் நகக்கண் அளவுக்கு மஞ்சள் கோடு நிற்கும். "கனமானது ஓடாதுடா, நின்னுடும்" என்பார்.

ஆப்பிரிக்காவின் தென்மேற்குக் கரையில் கடலே இந்த வேலையைப் பல கோடி வருஷமாகச் செய்து வைத்திருக்கிறது என்று படித்த நாளிலிருந்து அதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். தெரிந்தவரை எழுதுகிறேன், விவரம் தெரிந்தவர்கள் சேர்ந்துகொள்ளுங்கள்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைச் சரிசெய்ய வேண்டும். முத்து மாதிரி வைரமும் கடலில் விளைகிறது என்று எங்கள் தெருவிலேயே பலர் நினைக்கிறார்கள். வைரம் விளைவது நிலத்துக்கு 150 கிலோமீட்டருக்கும் கீழே. எரிமலைக் குழாய் வழியாக கிம்பர்லைட் என்ற பாறைக்குழம்பு அதைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தது. தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி ஊர்ப் பக்கத்துக் குழாய்கள் வெடித்தது சுமார் 9 கோடி வருஷத்துக்கு முன்னால். அதன் பிறகு மழை, காற்று, வெயில் எல்லாம் அந்தக் குழாய்களின் தலையைச் சீவித் தள்ளின. அப்படி உதிர்ந்த கற்களை 2,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் ஆரஞ்சு ஆறு உருட்டிக்கொண்டு போய் அட்லாண்டிக்கில் கொட்டியது.

அதோடு முடியவில்லை. அந்தக் கடலில் தென்மேற்கிலிருந்து ஓயாமல் பேரலை அடிக்கும். அலை சாய்வாகக் கரையில் ஏறும், நேராகக் கீழே இறங்கும். ஒவ்வொரு தடவையும் கூழாங்கல் கொஞ்சம் வடக்கே நகரும். முகத்துவாரத்துக்கு அருகில் பெரிய கற்கள் கிடைக்கும், வடக்கே நமீபியாவின் லூடரிட்ஸ் ஊர்ப் பக்கம் போகப் போகச் சின்னக் கற்கள்தான். ஆறும் அலையும் போட்டு உருட்டியதில் உள்ளே விரிசலோ புள்ளியோ இருந்த கற்கள் வழியிலேயே நொறுங்கிப் போயின. அதனால்தான் அங்கே கிடைப்பதில் ஏறக்குறைய 95 சதவீதம் நகைக்கு ஆகும் கல். கிம்பர்லைட் குழாயையே தோண்டுகிற சுரங்கத்தில் பொதுவாக இப்படி வராது. தோஷம் பார்ப்பது, நீரோட்டம் பார்ப்பது என்று நாம் கடையில் லென்ஸை வைத்துக்கொண்டு செய்கிற வேலையை அந்த அலை செய்து முடித்துவிட்டது.

-----

ராயபுரத்துக்காரி
ஜூன் 14, இரவு 8.52

அண்ணா, அலை சாய்வா ஏறி நேரா இறங்கி வடக்கே நகர்த்தும்னு எழுதியிருக்கீங்களே, அது நம்ம கதையேதான். 1870கள்ல துறைமுகச் சுவரைக் கடலுக்குள்ள கட்டினதும் தெற்கேயிருந்து வர்ற மண் அங்கேயே நின்னு மெரினாவா விரிஞ்சது. வடக்கே மண் வரத்து இல்ல, அலை மட்டும் வந்துச்சு. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்னு ஒவ்வொரு தெருவா கடல் எடுத்துக்கிச்சு. எங்க ஆயா கல்யாணமாகி வந்தப்போ வீட்டுக்கும் தண்ணிக்கும் நடுவுல வலை காயப்போட இடம், அதைத் தாண்டி படகு ஏத்த இடம், அதையும் தாண்டி மணல். இப்போ கருங்கல்லும், அலையைத் தடுக்கக் கடலுக்குள்ள கட்டின தூண்டில் வளைவும்தான் இருக்கு. ஆயா வீடு இருந்த இடத்துல தண்ணி.

ஒரு இடத்துல வைரம் கொண்டுபோய்க் குவிக்கிற அதே நகர்வு இங்க எங்க வீட்டைக் கொண்டுபோச்சுன்னு படிச்சதும் மனசு என்னவோ பண்ணுது. சரி, நீங்க சொல்லுங்க. ஆறு கரையில கொட்டினது கடலுக்கடியில எப்படிப் போச்சு?

-----

பட்டறைமண்
ஜூன் 14, இரவு 9.31

தங்கச்சி, உன் பதிவை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அந்த மணல்வெளி அவருக்கும் நினைவிருக்கிறது.

உன் கேள்விக்குப் பதில் கடல் மட்டம். சுமார் 20,000 வருஷத்துக்கு முன்னால் உலகத்துத் தண்ணீரில் இன்றைவிட அதிகமான பங்கு பனிப்பாறையாக நிலத்தின் மேல் கட்டிக் கிடந்தது. கடல் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் அளவுக்குக் கீழே இருந்தது. கரை அப்போது வெகுதூரம் கடல் பக்கம் தள்ளி இருந்தது. அந்தப் பழைய கரையிலும் இதே அலை, இதே அரிப்பு, இதே வைரம். பனி உருகி நீர் ஏறியதும் அந்தக் கடற்கரைகள் அப்படியே மூழ்கின. இன்றைக்கு 100 மீட்டர், 120 மீட்டர் ஆழத்தில் கப்பல் போய்த் தேடுவது மூழ்கிப்போன கடற்கரையைத்தான். இதற்கு நேர்மாறாக, கடல் உயர்ந்திருந்த காலத்துக் கரைகள் இப்போது பாலைவனத்தில் மேட்டுத் திட்டாக நிற்கின்றன. அவற்றிலும் வைரம் உண்டு.

மனுஷன் கண்ணில் முதலில் பட்டது பாலைவனத்துக் கல்தான். 1908 ஏப்ரலில் லூடரிட்ஸ் பக்கம் தண்டவாளத்து மணலை வாரிக்கொண்டிருந்த சக்கரியாஸ் லெவாலா என்ற தொழிலாளி ஒரு கல்லைப் பொறுக்கினார். முன்பு கிம்பர்லியில் வேலை பார்த்தவர், பார்த்ததும் தெரிந்துவிட்டது. மேலதிகாரி ஆகஸ்ட் ஸ்டவுக்கிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். ஸ்டவுக் பெரும் பணக்காரர் ஆனார். லெவாலாவுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. இந்த ஒரு விஷயம் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது, ஏனென்றால் அப்பா அரித்தெடுத்த தங்கத்துக்கு எடை போட்டவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

அதே வருஷம் செப்டம்பரில், அப்போது நமீபியாவை ஆண்ட ஜெர்மன் ஆட்சி அந்தக் கரையையே பூட்டிவிட்டது. ஸ்பெர்கெபீட், அதாவது தடைசெய்த நிலம். ஆரஞ்சு ஆற்றிலிருந்து வடக்கே, கரையிலிருந்து 100 கிலோமீட்டர் உள்ளே வரை அனுமதி இல்லாமல் யாரும் கால் வைக்கக் கூடாது. அந்தக் காலத்தில் தொழிலாளிகள் வரிசையாக முட்டிபோட்டுத் தவழ்ந்து மணலில் கல் பொறுக்கியிருக்கிறார்கள். கோல்மன்ஸ்கோப் என்று ஓர் ஊரே எழும்பியது. இப்போது அங்கே ஆளில்லாத வீடுகளுக்குள் மணல் ஜன்னல் உயரத்துக்கு ஏறிக் கிடக்கிறது.

-----

காசிமேடு லாஞ்சு
ஜூன் 14, இரவு 10.05

அண்ணே, நல்லா எழுதுறீங்க. இன்னிக்கு நடுராத்திரியோட 61 நாள் தடைக்காலம் முடியுது, ஐஸ் ஏத்திக்கிட்டு இருக்கோம். ஒரே ஒரு கேள்வி போட்டுட்டுக் கெளம்புறேன். 120 மீட்டர் ஆழத்துல தரையை நோண்டி எடுக்குறாங்கன்னா, அந்தத் தரையில இருந்த மீன், நண்டு என்னாகுது? திரும்பி வந்து பார்க்குறேன்.

-----

எண்ணூர் டிரெட்ஜர்
ஜூன் 15, காலை 7.20

லாஞ்சுத் தம்பி நல்லபடியா போய்ட்டு வாங்க. உங்க கேள்விக்கு வரணும்னா அந்தக் கப்பல் என்ன செய்யுதுன்னு மொதல்ல சொல்லணும். நான் டிரெட்ஜர்ல இருபத்தி ரெண்டு வருஷம் பம்ப் ரூம்ல இருந்தவன். துறைமுக வாய்க்கால்ல மண் வாருற கப்பல். வைரக் கப்பலும் பாதி எங்க ஜாதிதான்.

ரெண்டு விதமா எடுக்குறாங்க. ஒண்ணு கிராலர். யுத்த டாங்கி மாதிரி சங்கிலிச் சக்கரம் போட்ட 280 டன் எந்திரம். மஃபுட்டாங்கிற கப்பல்லேர்ந்து கடலடிக்கு இறக்கிடுவாங்க. முன்னால ஒரு கை நீண்டிருக்கும், அது இடமும் வலமுமா வீசி வீசி சரளையை உறிஞ்சும். ரப்பர் குழாய் வழியா எல்லாம் மேல வரும். மேல உக்காந்திருக்கிற ஆளுக்குக் கண்ணால எதுவும் தெரியாது, கீழ ஒரே கலங்கல். சோனார்ல தெரியிற உருவத்தை வெச்சுத்தான் ஓட்டுறார். எங்க வேலையும் அப்படித்தான். குழாய்ல கல்லு உருளுற சத்தம் மாறினாலே அடியில என்ன இருக்குன்னு சொல்லிடுவோம். களிமண்ணுன்னா மொத்தையா ஒரு சத்தம், சரளைன்னா தகர டப்பாவுல புளியங்கொட்டை போட்டுக் குலுக்கின மாதிரி.

இன்னொண்ணு செங்குத்தா இறக்குற துளைக்கருவி. வட்டு மட்டுமே ஏழு மீட்டர் அகலத்துக்குப் பக்கம். நம்ம வீட்டு வரவேற்பறை, சமையல்கட்டு ரெண்டையும் சேர்த்து மூடிடும். ஒரு வட்டம் அரைச்சு உறிஞ்சினதும் தூக்கி அதை ஒட்டினாப்புல அடுத்த வட்டம். சரளையை மேல கொண்டுவர்றதுக்குக் குழாயோட அடியில காத்தை அழுத்திச் செலுத்துவாங்க.

-----

கொளத்தூர் மீன்தொட்டி
ஜூன் 15, காலை 11.48

டிரெட்ஜர் சார், நீங்க சொல்ற காத்துக் குழாய் நம்ம வண்ணமீன் கடையில தொட்டிக்குத் தொட்டி இருக்கு. சரளைக்கு அடியில வைக்கிற ஃபில்டர்ல ஒரு குழாய் நிக்கும், அதுக்குள்ள காத்து விட்டா குமிழியோட தண்ணி மேல ஏறும். குமிழி கலந்த தண்ணி லேசு, வெளிய இருக்கிற தண்ணி கனம், அந்தக் கனம் கீழேயிருந்து உள்ள தள்ளும். இதே தத்துவம்தானே? எங்க தொட்டியில ஒரு அடி, அங்க 120 மீட்டர்.

-----

எண்ணூர் டிரெட்ஜர்
ஜூன் 15, பகல் 1.15

அதேதான் தம்பி, உங்க தொட்டியே போதும் புரிஞ்சுக்க. ஆழம் கூடக்கூட வெளியழுத்தம் கூடுது, தள்ளுற பலமும் கூடுது. சுழலுற பம்புன்னா சரளை பட்டு இறக்கை தேஞ்சுடும். காத்துக்குத் தேயறதுக்கு என்ன இருக்கு?

மேல வந்தப்புறம் நடக்கிறது பட்டறைமண் அண்ணனோட அப்பா வேலை. மொதல்ல சல்லடை, ரொம்பப் பெருசு ரொம்பச் சிறுசு ரெண்டும் திரும்பக் கடலுக்கு. அப்புறம் ஃபெரோசிலிக்கான்னு ஒரு இரும்புத் தூளைத் தண்ணியில கலக்கி, சாதாரணக் கல்லே மெதக்கிற அளவுக்குக் கெட்டியான கரைசலா வெச்சிருப்பாங்க. தண்ணியோட எடைக்கு குவார்ட்ஸ்ங்கிற சாதாரண வெள்ளைக் கல்லு 2.65 மடங்கு, வைரம் 3.52 மடங்கு. கல்லு மேல போகும், வைரம் கீழ நிக்கும். அந்தத் தூளைக் காந்தம் வெச்சுப் பிடிச்சுத் திரும்பப் பயன்படுத்திக்கலாம். கடைசியா எக்ஸ்ரே. எக்ஸ்ரே பட்டா வைரம் ஒளிரும். ஒளிர்ற நொடியில காத்து பீச்சி அந்தக் கல்லைத் தனியா தள்ளிடும். அப்படியே டப்பாவுல போட்டு சீல் வெச்சு, ஹெலிகாப்டர்ல கரைக்கு. கப்பல்ல வேலை செய்யிற யாரும் வைரத்தைக் கையால தொடுறதில்ல.

2022ல வேலைக்கு வந்த பெங்குவேலா ஜெம் 177 மீட்டர் நீளம். நமீபியா அரசாங்கமும் டி பியர்ஸ்ங்கிற வைர நிறுவனமும் சரிபாதியா வெச்சிருக்கிற கம்பெனியோடது. அந்த நாட்டு வைரத்துல பெரும்பங்கு இப்போ நிலத்துலேர்ந்து வர்றதில்ல, கடல்லேர்ந்துதான்.

-----

பவளக்காரத்தெரு
ஜூன் 16, மாலை 6.30

இழையை முதலிலிருந்து படித்தேன். நான் குடியிருக்கும் தெருவின் பெயரே இந்தக் கதையில் வருகிறது, அதனால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

மண்ணடிப் பக்கம் இருக்கும் பவளக்காரத் தெருவில் இன்று பவளம் விற்பவர்கள் இல்லை. ஆனால் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் மத்தியதரைக் கடல் பவளம் இத்தாலியின் லிவோர்னோ துறைமுகம் வழியாக மதராசுக்கு வந்தது. அதைக் கொண்டுவந்த யூத வணிகர்கள் இங்கிருந்து திரும்பக் கொண்டுபோனது வைரம். கடலில் விளைந்த பவளத்தைக் கொடுத்து, ஆற்றுச் சரளையில் கிடைத்த வைரத்தை வாங்கினார்கள். பிரேசிலில் 1720களில் வைரம் கிடைக்கும்வரை உலகத்துக்கு வைரம் பெரும்பாலும் இந்தியாவிலிருந்துதான் போனது. அதில் பெரும்பகுதி கிருஷ்ணா ஆற்றங்கரைச் சரளை. அந்தக் கரையில் இருந்த கொல்லூர்ச் சுரங்கத்தில் கிடைத்த 410 கேரட் கல்லை அன்றைய மதராஸ் கவர்னர் தாமஸ் பிட் 1702இல் ஜாம்சந்த் என்ற வணிகரிடம் 48,000 பகோடாவுக்கு (அன்றைய தங்க நாணயம்) வாங்கினார். பட்டை தீட்டியபின் 140 கேரட். இன்று பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

இன்னொரு செய்தி. 2008 ஏப்ரலில் ஆரஞ்சு ஆற்று முகத்துவாரத்து ஊரான ஓரஞ்செமுண்டில் வைரத்துக்காகக் கடலை மணல் அணை கட்டித் தள்ளி, தரையைத் தோண்டிக்கொண்டிருந்தபோது ஒரு கப்பல் வெளிப்பட்டது. 2,000க்கும் மேற்பட்ட தங்கக் காசுகள், பல டன் செம்புக் கட்டிகள், யானைத் தந்தங்கள். 1533இல் லிஸ்பனிலிருந்து இந்தியாவுக்குக் கிளம்பிய போம் ஜெஸுஸ் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இந்தியச் சரக்கு வாங்க வந்த கப்பல், வைரம் நிறைந்த கரையில் தரைதட்டி 475 வருஷம் கிடந்திருக்கிறது. காலுக்கடியில் என்ன இருந்தது என்று அதிலிருந்து உயிர்தப்பிய யாருக்கும் தெரிந்திருக்காது.

எனக்கு ஒரு கேள்வி. கிருஷ்ணாவும் வைரத்தைக் கடலுக்குக் கொண்டுவந்த ஆறுதானே? அப்படியானால் மசூலிப்பட்டினத்துக்கு வெளியே கடலுக்கடியில் ஏன் யாரும் தேடவில்லை?

-----

பட்டறைமண்
ஜூன் 16, இரவு 9.55

அக்கா, அந்தக் கேள்வியை நானும் பல நாள் வைத்துக்கொண்டிருந்தேன். அப்பாவின் தட்டை வைத்தே புரிந்துகொண்டேன். தட்டில் மூன்று வேண்டும்: வேகமாக ஆட்டுகிற கை, லேசானதை அடித்துப் போக வழி, கனமானது தங்குவதற்கு மூலை.

ஆரஞ்சு முகத்துவாரத்தில் மூன்றும் இருக்கிறது. ஓயாத பேரலை சேற்றை அள்ளிப் போய்விடுகிறது. அடியில் இருப்பது பாறைத்தளம், அலை அறுத்த பள்ளமும் பிளவுமாக. வைரம் அந்தப் பிளவுக்குள் விழுந்தால் பிறகு எழும்பாது. கடற்கரைச் சுரங்கத்தில் எந்திரம் மேல்மணலை வாரிய பிறகு, அந்தப் பிளவுகளைத் தொழிலாளிகள் துடைப்பத்தால் கூட்டி எடுத்தார்கள், பிற்பாடு உறிஞ்சு குழாயும் வந்தது. பக்கத்திலேயே கடல் மணல் அணையைத் தின்றுகொண்டிருக்கும். இவர்கள் ஓயாமல் மணல் கொட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

கிருஷ்ணா முகத்துவாரம் வேறு மாதிரி. ஆறு கொண்டுவரும் வண்டலை அள்ளிப் போக அந்த அளவு அலை இல்லை. வண்டல் மேல் வண்டல் படிந்து டெல்டாவாகவே வளர்ந்துவிட்டது. கழுவாத மண்ணில் கல் இருந்தாலும் அது கூடை மண்ணில் ஒரு தூசி.

-----

காசிமேடு லாஞ்சு
ஜூன் 20, காலை 5.40

வந்துட்டோம் அண்ணே. மொத ட்ரிப் பரவால்ல, கடம்பாவும் சங்கராவும் கெடச்சுது.

எல்லாம் படிச்சேன். டிரெட்ஜர் அண்ணன் கப்பலைப் பத்தி எழுதினாரே தவிர நான் கேட்ட கேள்வி அப்படியே நிக்குது. நாங்க கடலடியைப் பாருன்னும் (பாறைத்திட்டு) சேறுன்னும் பிரிச்சுப் பாக்குறவங்க. பார்ல ஒரு மீனு, சேத்துல ஒரு மீனு. சேத்துல வெள்ளை எறா, நாக்கு மீனு, நண்டு. பார்ல வஞ்சிரம் சுத்தும், கொடுவா ஒதுங்கும். ஒரு பார் எங்க இருக்குன்னு எங்க தாத்தா கரையில தெரியிற கோபுரத்தையும் மரத்தையும் கணக்கு வெச்சுச் சொல்லுவாரு. அந்த இடத்தை ஏழு மீட்டர் வட்டு வெச்சு அரைச்சு மேல ஏத்தி, கல்லைச் சலிச்சுட்டு மிச்சத்தைத் திரும்பக் கொட்டினா அது அதே தரையா?

-----

எண்ணூர் டிரெட்ஜர்
ஜூன் 20, காலை 8.05

இல்ல தம்பி. அது அதே தரை இல்ல. நான் மழுப்பக் கூடாது.

எடுக்கிறதுல நூத்துக்குத் தொண்ணூத்தொம்பதுக்கு மேல திரும்பக் கடலுக்கே போகுதுங்கிறது நெஜம். ஆனா அடுக்கு கலைஞ்சுபோச்சு. கீழ இருந்தது மேல, மேல இருந்தது கலங்கலா மெதந்து வேற எங்கயோ. அந்தத் தரையில குடியிருந்த புழுவும் சிப்பியும் குழாய்க்குள்ள போனது போனதுதான். புதுசா வந்து குடியேறணும், அதுக்கு வருஷக்கணக்காகும். அங்க பேரலை அடிக்கிற கடல்ங்கிறதால பள்ளம் சீக்கிரம் தூந்துபோகும்னு சொல்றாங்க. நம்ம கடலுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. வாய்க்கால்ல நாங்க வெட்டின பள்ளத்துல சேறுதான் வந்து ரொம்பும். முன்ன இருந்த மணலு திரும்ப வந்து நான் பார்த்ததில்ல.

-----

கொளத்தூர் மீன்தொட்டி
ஜூன் 20, பகல் 12.20

ஆனா நமீபியாவுக்கு அந்த வைரம் பெரிய வருமானம்தானே? நம்ம கடல்லயும் ஏதாவது இருந்தா எடுக்கலாமே. பள்ளிக்கரணையில இருக்கிற தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் வராகான்னு ஒரு கிராலரை 2021ல மத்திய இந்தியப் பெருங்கடல்ல 5,270 மீட்டர் ஆழத்துல ஓட்டிப் பார்த்திருக்காங்க. கடலடியில உருண்டையா கிடக்கிற உலோக முடிச்சுகளை எடுக்கிறதுக்கான சோதனை. டிரெட்ஜர் சார் சொன்ன அதே சங்கிலிச் சக்கரம். எனக்கு அதுல பெருமைதான்.

-----

காசிமேடு லாஞ்சு
ஜூன் 20, இரவு 7.10

தம்பி, அந்த எந்திரத்தை செஞ்சவங்க மேல எனக்கும் மரியாதை உண்டு. நான் சொல்றது வேற. 1908ல அந்த ஊர்க் கரையைப் பூட்டினாங்கன்னு பட்டறைமண் அண்ணன் எழுதினாரு பாருங்க, 100 கிலோமீட்டர் உள்ள வரைக்கும் யாரும் வரக்கூடாதுன்னு. கரையில ஆளே நிக்க முடியாதபடி பண்ணிட்டுத்தான் அந்தத் தொழில் அங்க வளந்துச்சு. இங்க காசிமேட்லேர்ந்து பழவேற்காடு வரைக்கும் குப்பம் குப்பமா எவ்ளோ சனம்? 2023ல கடல் கனிமச் சட்டத்தை மாத்தினாங்க, 2024 நவம்பர்ல 13 இடத்தை ஏலத்துக்கு விட்டாங்க. அதுல மூணு கொல்லம் கடல்ல கட்டடம் கட்டுற மணலுக்கு. கேரளா மீனவருங்க கடையடைப்பே நடத்துனாங்க. அது வைரம் இல்ல, வெறும் மணலு. மணலுக்கே இப்படின்னா யோசிச்சுப் பாருங்க.

-----

பட்டறைமண்
ஜூன் 20, இரவு 10.40

லாஞ்சுத் தம்பி சொன்னதை நான் யோசிக்கவே இல்லை. கடல் சலித்துவைத்ததை மனுஷன் எப்படி எடுக்கிறான் என்கிற திறமை மட்டும்தான் என் கண்ணில் பட்டது. யாரை விலக்கிவிட்டு எடுத்தான் என்பதை முதல் பதிவிலேயே எழுதியிருக்க வேண்டும்.

அங்கேயும் சின்ன ஆட்கள் இருக்கிறார்கள். எல்லைக்குத் தெற்கே தென்னாப்பிரிக்காவின் போர்ட் நோலாத்தில் சிறிய படகுகளில் முக்குளிப்பவர்கள் உறிஞ்சு குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு பாறையிடுக்கில் இறங்குகிறார்கள். உறைகிற குளிர்நீர், கண் தெரியாத கலங்கல், தலைக்கு மேல் புரளும் பாறாங்கல். கடல் அமைதியாக இருக்கும் நாள் மாதத்தில் சில நாள்தான், மற்ற நாளெல்லாம் துறைமுகத்தில் படகைக் கட்டிவைத்துக் காத்திருக்க வேண்டும். 1961இல் சாமி காலின்ஸ் என்ற டெக்சாஸ்காரர் மிதவைக் கலம் கொண்டுவந்து அந்தக் கடலில் பெரிய அளவில் தொடங்கினார். கடலடியில் குழாய் பதிக்கும் தொழில் தெரிந்தவர். புயலில் கலங்கள் கரையொதுங்கி, கடைசியில் தொழில் டி பியர்ஸ் கைக்குப் போனது.

ஒன்று கேட்கிறேன் தம்பி. அலை பெரிதாக அடித்த மறுநாள் திருவொற்றியூர்க் கரையில் கறுப்பு மணல் கோடு விழுமே, அது இப்போதும் விழுகிறதா?

-----

காசிமேடு லாஞ்சு
ஜூன் 21, காலை 6.15

கல்லு கொட்டாத எடத்துல விழுது அண்ணே. ஞாயித்துக்கெழமை நான் கரையிலதான். அப்பாவையும் கூட்டியாங்க.

-----

பட்டறைமண்
ஜூன் 22, இரவு 8.30

போய் வந்தோம். இரண்டு தூண்டில் வளைவுக்கு நடுவே கொஞ்சம் மணல் ஒதுங்கிய இடம். தண்ணீர் ஏறி இறங்கிய எல்லையில், விரல் அகலத்துக்குக் கறுப்புக் கோடு நீளமாகக் கிடந்தது. அப்பா தட்டை எடுத்து பதினோரு வருஷம் ஆகிறது. கண் சரியாகத் தெரியாது, முட்டி மடங்காது. லாஞ்சுத் தம்பி ஒரு ஐஸ் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்காரவைத்தார்.

இரண்டு கை மணல். அப்பா தட்டை ஆட்ட ஆரம்பித்ததும் அவர் கை நடுக்கம் நின்றுவிட்டது. வெள்ளை மணல் விளிம்பு தாண்டிப் போனது. கறுப்பு அடியில் தங்கியது. பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றைப் பேப்பரில் சுற்றிக் கொண்டுபோயிருந்தேன். தட்டுக்கு மேல் பிடித்ததும் கறுப்பில் ஒரு பங்கு மயிர் மாதிரி எழும்பி ஒட்டிக்கொண்டது. அது மாக்னடைட். ஒட்டாமல் நின்றதில் இல்மனைட் இருக்கும். அதற்கு நடுவே வெயில் பட்டு மினுங்கிய சிவப்புப் பொடி கார்னெட். அப்பா விரலில் தொட்டு முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "கெம்புத் தூள் மாதிரி இருக்கே" என்றார். மணவாளக்குறிச்சியில் ஆலை வைத்துப் பிரிப்பதும் இந்த இல்மனைட், கார்னெட் வகையறாவைத்தான். ஓரஞ்செமுண்டிலும் வைரத்தோடு சேர்ந்து தங்குவது இப்படிப்பட்ட கனமான மணல்தான்.

வீட்டுக்கு ஒரு சிட்டிகை எடுத்துப் போகலாமா என்று கேட்டேன். அப்பா வேண்டாம் என்றார். தட்டைத் தண்ணீரில் அலசி, இருந்ததையெல்லாம் அலையிலேயே விட்டுவிட்டார்.

-----

ராயபுரத்துக்காரி
ஜூன் 22, இரவு 9.02

தெரிஞ்சிருந்தா நானும் வந்திருப்பேனே அண்ணா. அடுத்த தடவை சொல்லுங்க, பையனுக்குக் காட்டணும். அந்தத் தட்டு இப்போ எங்கயாவது விலைக்குக் கிடைக்குமா?

-----

காசிமேடு லாஞ்சு
ஜூன் 22, இரவு 9.20

அப்பா நல்லபடியா வீடு போய்ச் சேந்தாரா அண்ணே? ரெண்டு நாளா தெற்கேயிருந்து தெண்டி நீரோட்டம் நல்லா இழுக்குது. அவரு விட்ட மண்ணு இன்னேரம் எர்ணாவூர்ப் பக்கம் போயிட்டிருக்கும்.